சோப்பு கலந்த நீரைக் காற்று ஏன் முழுசாகத் துடைப்பதில்லை?

வாசகர் கேள்வி – பதில்

குறுகலான குழாயில் நிற்கும் திரவத்தைக் காற்றால் தள்ளும்போது அதில் சோப்போ வேறு சர்ஃபாக்டன்ட்டோ (பரப்பில் சேர்ந்து பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள்) கலந்திருந்தால் என்ன ஆகும் என்பதைச் சுற்றியே இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. கேட்டவர்களின் தொழில் வேறு வேறு. அடியில் இருக்கும் இயற்பியல் ஒன்றுதான். அதனால் சேர்த்தே பதில் தருகிறோம்.

கே: 1 மி.மீ. உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் நீரை நிரப்பி, சிரிஞ்ச் பம்ப்பால் காற்றை நொடிக்கு 1 செ.மீ. வேகத்தில் செலுத்துகிறோம். சுவரில் எவ்வளவு நீர் ஒட்டி நிற்கிறது என்று அளப்பதுதான் செய்முறை. சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற சர்ஃபாக்டன்ட்டைக் கொஞ்சம் கலந்தால் பரப்பு இழுவிசை குறையும், காற்று சுலபமாக வழித்துக்கொண்டு போகும் என்று நினைத்தோம். நடந்தது நேர்மாறு: தங்கும் நீர் ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடிவிட்டது. எங்கே பிசகினோம்? — வேதிப்பொறியியல் மாணவி, திருச்சி

ப: அளவீட்டில் பிசகில்லை. எதிர்பார்ப்புதான் தலைகீழாக இருந்தது.

காற்று திரவத்தைத் தள்ளிப் போகையில் சுவரை ஒட்டி ஒரு மெல்லிய படலத்தை விட்டுவிட்டே போகிறது. திரவத்தின் பாகுநிலை சுவரோடு ஒட்டி நிற்கப் பார்க்கிறது; அது படலத்தைத் தடிமனாக்கும். பரப்பு இழுவிசை குமிழியின் முகப்பு வளைவைக் காப்பாற்றப் பார்க்கிறது. அது படலத்தை மெலிதாக்கும். இந்த இழுபறியை ஒரே எண்ணில் சொல்வதுதான் கேப்பிலரி எண்: பாகுநிலை × வேகம் ÷ இழுவிசை. படலத் தடிமனைக் குழாயின் ஆரத்தால் வகுத்தால், கேப்பிலரி எண்ணின் 2/3 அடுக்கைப் போல 1.34 மடங்கு வரும் என்று பிரெதர்டன் 1961-ல் காட்டினார். கேப்பிலரி எண் 0.005-க்குக் கீழே இருக்கும்வரை இதைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தலாம். அதற்கு மேல் போனால் கிடைத்த விடையை, 1 + 3.35 × கேப்பிலரி எண்ணின் 2/3 அடுக்கு என்பதால் வகுக்க வேண்டும். இது 2000-ல் ஒசில்லு, கெரே இருவரும் தந்த திருத்தம்.

உங்கள் குழாய்க்குப் போட்டுப் பார்ப்போம். தூய நீரின் இழுவிசை மீட்டருக்கு 72 மில்லி நியூட்டன். கேப்பிலரி எண் 0.00014; படலம் 1.8 மைக்ரான், குழாயின் கொள்ளளவில் 0.7 சதவீதம் சுவரில் தங்கும். இழுவிசை பாதியாகி 36 ஆனால் படலம் 2.9 மைக்ரான். அதாவது இழுவிசை குறைந்தாலே படலம் தடிக்கத்தான் செய்யும். இதுவே உங்கள் முதல் எதிர்பார்ப்புக்கு எதிரானது. ஆனால் நீங்கள் கலந்தது கொஞ்சம்தான். இழுவிசை 60-க்கு வந்திருந்தால், இந்தக் கணக்கு 2 மைக்ரானுக்கு மேல் தராது. உங்களுக்குக் கிடைத்ததோ நாலரை. மிச்சத்துக்குக் காரணம் இழுவிசை எவ்வளவு என்பதில் இல்லை. அது இடத்துக்கு இடம் மாறுபடுவதில் இருக்கிறது.

குமிழியின் முகப்பிலிருந்து படலத்துக்குள் திரும்பும் இடத்தில் நீரின் பரப்பு ஓயாமல் புதிதாக விரிந்துகொண்டே இருக்கிறது. புதிதாகப் பிறக்கும் பரப்பில் சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் குறைவு, எனவே அங்கே இழுவிசை கூடுதல். முகப்பில் மூலக்கூறுகள் அதிகம், இழுவிசை குறைவு. கூடுதல் இழுவிசை உள்ள பக்கம் பரப்பைத் தன்னை நோக்கி இழுக்கும். மராங்கோனி விளைவு என்பது இதுதான். இழுபடும் பரப்பு அடியில் உள்ள நீரையும் சேர்த்துப் படலத்துக்குள் வாரிக்கொண்டு போகிறது. வழுக்கி ஓட வேண்டிய காற்றுப் பரப்பு, ஏடு படிந்த பாலின் மேற்பரப்பைப் போல விறைத்துப் போகிறது. முழுக்க விறைத்தால் படலம் எவ்வளவு தடிக்கும் என்பதற்கு ஒரு மேல் வரம்பு உண்டு: அதே இழுவிசையுள்ள விறைக்காத பரப்பைப் போல 4-இன் 2/3 அடுக்கு, அதாவது 2.52 மடங்கு. இழுவிசை 60 என்றால் அந்த வரம்பு 5.1 மைக்ரான். உங்கள் நாலரை அதற்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது.

அப்படியானால் இன்னும் கொட்டினால் இன்னும் தடிக்குமா? தடிக்காது. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இரண்டு கணக்குகளைப் போட்டால் தெளிவாகிவிடும்.

முதலாவது நேரக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பு நிரம்ப ஏறத்தாழ 3 மைக்ரோமோல் சர்ஃபாக்டன்ட் வேண்டும். கரைசலில் லிட்டருக்கு 0.01 மில்லிமோல் மட்டுமே இருந்தால், அந்த 3 மைக்ரோமோலைத் திரட்ட 0.3 மி.மீ. ஆழத்து நீரைக் காலி செய்ய வேண்டும். அவ்வளவு தூரம் மூலக்கூறுகள் விரவி வர மூன்று நான்கு நிமிடம் ஆகும். 0.2 மில்லிமோல் என்றால் அரை நொடி. சோடியம் லாரில் சல்ஃபேட் மைசெல் (மூலக்கூறுகள் கூடித் திரளும் நுண்கொத்து) கட்டத் தொடங்கும் செறிவு லிட்டருக்கு 8.2 மில்லிமோல், கிட்டத்தட்ட 2.4 கிராம். அந்த அளவில் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட வேண்டாம். உங்கள் குமிழியின் முகப்பு தன் ஆரத்தளவு தூரம் நகர எடுக்கும் நேரம் 0.05 நொடி. மூலக்கூறுகள் வந்து சேரும் நேரம் இதைவிட மிகக் குறைவாக இருந்தால் பரப்பு உடனுக்குடன் நிரம்பிவிடும். அப்போது இழுவிசையில் மேடு பள்ளம் இல்லை, விறைப்பும் இல்லை.

இரண்டாவது கையிருப்புக் கணக்கு. 3 மைக்ரான் படலத்தில் லிட்டருக்கு 0.8 மில்லிமோல் கரைசல் இருந்தால், ஒரு சதுர மீட்டர் படலத்துக்குள் இருப்பதே 2.4 மைக்ரோமோல்தான்; பரப்பு கேட்பதோ 3. அங்கே பஞ்சம் தீரவே தீராது. லிட்டருக்கு 5 கிராம் போட்டால் கையிருப்பு 50 மைக்ரோமோலைத் தாண்டும், கவலையில்லை.

ஆகவே லிட்டருக்கு 0, 0.05, 0.1, 0.25, 0.5, 1, 2.5, 5 கிராம் என்று செறிவை ஏற்றிக்கொண்டு போங்கள். படலம் 1.8 மைக்ரானில் தொடங்கி, இடையில் ஓர் உச்சத்தைத் தொட்டு, கடைசியில் 3 மைக்ரானை ஒட்டி இறங்கி நிற்க வேண்டும். நிறையப் போட்டால் பரப்புக்கு மறுபடி வழுக்கும் தன்மை வருகிறது என்பதை ஸ்டீபே, லின், மால்டரெல்லி மூவரும் 1991-ல் காட்டினார்கள். மைசெல்லிலிருந்து பரப்புக்கும் பரப்பிலிருந்து மைசெல்லுக்கும் விரைவாக மாறும் சர்ஃபாக்டன்ட்டுக்கு மட்டுமே இது பொருந்தும். புரதங்கள் மெதுவானவை, எவ்வளவு போட்டாலும் விறைப்பு விடாது.

இனி செய்முறை. தடிமனை நேரடியாக அளக்க முயல வேண்டாம். உலர்ந்த குழாயில் 2 செ.மீ. நீளத் திரவத் துண்டு ஒன்றை விட்டு 50 செ.மீ. தூரம் தள்ளுங்கள். துண்டு எவ்வளவு குட்டையாகிறது என்பதைத் தள்ளிய தூரத்தால் வகுத்தால் படலத்தின் பங்கு கிடைத்துவிடும். அது படலத் தடிமனை ஆரத்தால் வகுத்ததைப் போல இரு மடங்கு. 1.8 மைக்ரான் படலத்துக்குத் துண்டு 3.6 மி.மீ. குறையும், நாலரை மைக்ரானுக்கு 9 மி.மீ. குறையும். மி.மீ. அளவுகோலும் கைபேசிக் காமிராவும் போதும். வேகத்தைப் பம்ப்பில் குறித்த எண்ணிலிருந்து எடுக்காதீர்கள். காற்று அமுங்கும் தன்மையுள்ளது, துண்டு குட்டையாக ஆக வேகம் கூடும். காணொளியிலிருந்தே எடுங்கள்.

"தூய நீர்" உண்மையிலேயே தூய்மையா என்பதையும் பாருங்கள். பிரெதர்டனின் சொந்தச் செய்முறையிலேயே மிக மெதுவான வேகங்களில் படலம் கணக்கைவிடத் தடிமனாகத்தான் வந்தது. நீரிலோ எண்ணெயிலோ இருக்கும் மிகச் சிறிய அசுத்தமும் மராங்கோனி விளைவுக்குப் போதும் என்று 1990-ல் ரட்டுலவுஸ்கி, சாங் இருவரும் விளக்கினார்கள். பிளாஸ்டிக் சிரிஞ்சின் ரப்பர் முனையில் தடவிய சிலிக்கோன், பி.வி.சி. குழாயிலிருந்து கசியும் மென்மையாக்கி, விரல் எண்ணெய் ஆகிய மூன்றும் வழக்கமான குற்றவாளிகள். கண்ணாடிச் சிரிஞ்சைப் பயன்படுத்துங்கள். போரோசிலிகேட் குழாயை 450 டிகிரி உலையில் ஒரு மணி நேரம் வையுங்கள். கருவி சரியா என்று சோதிக்க 10 சென்டிஸ்டோக் பாகுநிலையுள்ள சிலிக்கோன் எண்ணெய் நல்லது. அதன் இழுவிசை ஏற்கெனவே 20 அளவில் இருப்பதால் அழுக்கு எளிதில் பரப்பேறாது. நொடிக்கு 1 மி.மீ. வேகத்தில் படலம் 4 மைக்ரான் வர வேண்டும். எண்ணெய் கணக்கோடு ஒத்துப்போய் நீர் ஒத்துப்போகாவிட்டால் பழி நீரின் மேல்தான்.

இன்னொன்று: லாரில் சல்ஃபேட் தண்ணீரில் நாள்பட்டால் சிதைந்து டோடெக்கனாலைத் தரும். அது துளி இருந்தாலும் பரப்பை விறைக்க வைத்துவிடும். கரைசலை அன்றன்று தயாரிக்கவும். போன வருடத்து டப்பாவை நம்பி முடிவு எழுத வேண்டாம்.

கே: பி.டி.எம்.எஸ். (ஒரு வகை சிலிக்கோன் ரப்பர்) சில்லில் செதுக்கிய 100 மைக்ரான் தடங்களுக்குள் காற்றுக் குமிழிகள் புகுந்துவிட்டால் அழுத்தம் எகிறுகிறது. ட்வீன் 20 என்ற சர்ஃபாக்டன்ட்டைக் கலந்தால் சரியாகும் என்று சிலரும், இன்னும் மோசமாகும் என்று சிலரும் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? — ஆய்வு மாணவர், பெங்களூரு

ப: இருவர் சொல்வதும் சரி. அவர்கள் பேசுவது வேறு வேறு தடையைப் பற்றி.

சுவர் நனைந்திருந்தால் ஒரு குமிழி தரும் தடை அற்பம். 1 மி.மீ. குழாயில் நொடிக்கு 1 செ.மீ. வேகத்தில் போகும் தூய நீர்க் குமிழிக்கு 3.6 பாஸ்கல், அதே குழாயில் 1 செ.மீ. நீளம் நீர் ஓடவே 3.2 பாஸ்கல் வேண்டும். விறைத்த பரப்பு இந்தக் குமிழித் தடையைக் கூட்டும். இரண்டாவது தரப்பு சொல்வது இது.

சுவர் நனையாதிருந்தால் கதை வேறு. திரவத் துண்டின் முன் முனையும் பின் முனையும் சுவரை வெவ்வேறு கோணத்தில் தொடுகின்றன. அந்த வேறுபாடே ஒரு பூட்டு. அதே 1 மி.மீ. குழாயில் முன்கோணம் 60 டிகிரி, பின்கோணம் 30 டிகிரி என்று வைத்தால், ஒரு துண்டு அசையவே சுமார் 105 பாஸ்கல் வேண்டும். இருபது துண்டு வரிசையாக நின்றால் 2,100. குழாய் குறுகக் குறுக இது விட்டத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் ஏறும்: 100 மைக்ரானில் பத்து மடங்கு. ஜாமின் 1860-ல் கவனித்த விளைவு இதுதான். பி.டி.எம்.எஸ். தானாக நனையாத பொருள் என்பதால் உங்கள் சில்லில் ஆட்சி செய்வது இந்தப் பூட்டு. நனைக்கும் சர்ஃபாக்டன்ட் அதைத் திறக்கும். முதல் தரப்பு சொல்வது அது.

ட்வீன் 20-ஐ 0.05 முதல் 0.1 சதவீதம் வரை போடுங்கள். அதன் மைசெல் எல்லை ஏறக்குறைய 0.007 சதவீதம், அதற்கு அருகிலோ கீழேயோ நின்றால் சுவரே சரக்கை உறிஞ்சிக்கொண்டு உங்களைப் பஞ்சத்தில் விட்டுவிடும். முதலில் எத்தனாலால் தடத்தை நிரப்பி, பிறகு பஃபரால் மாற்றினால் குமிழி புகுவதே குறையும். எத்தனாலின் இழுவிசை 22-தான், மூலை முடுக்கெல்லாம் நனைத்துவிடும். செல்களை உள்ளே விடப் போகிறீர்கள் என்றால் எத்தனாலை முழுக்கக் கழுவி எடுக்க மறக்க வேண்டாம். சிக்கிய குமிழியை வேகத்தைக் கூட்டித் துரத்துவதைவிட, வெளிவாயை அடைத்து உள்ளழுத்தத்தை ஏற்றி வைப்பது மேல். பி.டி.எம்.எஸ். வழியே காற்று தானாகக் கசிந்து போய்விடும்.

கே: எங்கள் நீர் ஆய்வகத்தில் தொடர் ஓட்டப் பகுப்பாய்வுக் கருவியில் அம்மோனியா, பாஸ்பேட் பார்க்கிறோம். குமிழிகள் ஒரே அளவில் வருவதில்லை. சில சமயம் இரண்டு ஒட்டிக்கொள்கின்றன. அடர்ந்த மாதிரிக்குப் பின் வரும் மாதிரியில் முந்தியதன் சாயல் தெரிகிறது. — ஆய்வக உதவியாளர், தூத்துக்குடி

ப: லெனர்ட் ஸ்கெக்ஸ் உருவாக்கி, டெக்னிகான் நிறுவனம் 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த முறையின் வாரிசுதான் உங்கள் கருவி. மாதிரிகள் ஒன்றோடொன்று கலக்காமல் இருக்கக் காற்றுக் குமிழியை இடையில் விடுவதுதான் அதன் உயிர். குமிழி குழாயை முழுக்க அடைத்தாலும் சுவர்ப் படலத்தின் வழியே முந்தைய மாதிரி பின்னதற்குக் கசியும். 2 மி.மீ. கண்ணாடிச் சுருளில் நிமிடத்துக்கு 2 மி.லி. ஓடினால் வேகம் நொடிக்கு 1 செ.மீ.-க்குச் சற்று மேல். இழுவிசை 35 என்றால் படலம் 6 மைக்ரான். ஒவ்வொரு குமிழியும் கடக்கையில் சுமார் 1.2 சதவீதம் இந்த வழியில் பின்தங்குகிறது.

படலம் தடிக்கக் கூடாது என்று சர்ஃபாக்டன்ட்டையே நிறுத்திவிட்டால் சுவர் திட்டுத் திட்டாக நனையும். குமிழி சிக்கும், உடையும், ஒட்டும்; கசிவு ஒழுங்கில்லாமல் போகும். ஒழுங்கான கசிவைக் கணக்கில் திருத்தலாம், ஒழுங்கில்லாததைத் திருத்த முடியாது. ஆகவே போடத்தான் வேண்டும்.

கண்ணால் சோதிக்க வழி உண்டு. குமிழியின் இரு முனையும் வழவழப்பாக உருண்டிருக்க வேண்டும். தட்டையாகவோ கோணலாகவோ இருந்தால் சுவர் நனையவில்லை. நீளம் குழாய் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும்.

அம்மோனியா வழிக்கு பிரிஜ் 35 என்ற சர்ஃபாக்டன்ட்டின் 30 சதவீதக் கரைசலை லிட்டருக்கு 0.5–1 மி.லி. விடலாம். பாஸ்பேட் மாலிப்டேட் வழிக்குப் பெரும்பாலும் லாரில் சல்ஃபேட்தான் பயன்படுகிறது. அதில் இரண்டு பொறிகள். பொட்டாசியம் அதிகமுள்ள கரைசலோடு சேர்ந்தால் பொட்டாசியம் டோடெசில் சல்ஃபேட்டாக வெண்மையாக வீழ்ந்து குழாயை அடைத்துவிடும். பொட்டாசியம் பெர்சல்ஃபேட் போட்டுச் செரித்த மாதிரி என்றால் முதலில் ஒரு சோதனைக் குழாயில் கலந்து பாருங்கள். இன்னொன்று, அறை வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே போனால் லாரில் சல்ஃபேட் கரைசல் கலங்கத் தொடங்கும். ஏ.சி. இரவு முழுக்க ஓடும் அறைகளில் காலையில் முதல் ஒரு மணி நேரம் குமிழி கெடுவதற்கு இதுவே காரணமாக இருப்பதைப் பார்க்கலாம். வெதுவெதுப்பாக்கினால் தெளிந்துவிடும், கரைசலைக் கொட்ட வேண்டியதில்லை.

எல்லா வினைப்பொருளிலும் சர்ஃபாக்டன்ட் ஊற்ற வேண்டாம். முதலில் ஓட்டத்தில் சேரும் ஒன்றில் போதும். அதிகமானால் குமிழி புகும் முனையில் நுரை கட்டி ஒன்று இரண்டாகும்.

கே: சோப்பு நீரும் காற்றும் குழாயில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பத்தாம் வகுப்பில் செய்து காட்ட எளிய வழி உண்டா? — அறிவியல் ஆசிரியர், தென்காசி

ப: உண்டு, ஐந்து நிமிட வேலை. 4 மி.மீ. உள்விட்டம், 20 செ.மீ. நீளமுள்ள கண்ணாடிக் குழாய் ஒன்று எடுங்கள். ஒரு முனையைத் தீயில் உருக்கியோ பொருத்தமான அடைப்பானாலோ மூடி, நீரை நிரப்பி, 1 செ.மீ. நீளக் காற்று மட்டும் மிஞ்சும்படி மறுமுனையையும் அடையுங்கள். நிமிர்த்திப் பிடித்துத் தலைகீழாக்குங்கள். குமிழி கீழேயே நிற்கும், மேலே வராது!

நீரில் ஏறத்தாழ 5 மி.மீ. விட்டத்துக்குக் குறைந்த செங்குத்துக் குழாயில் மிதப்பு விசை குமிழியைத் தூக்கப் போதாது என்பது பிரெதர்டனின் அதே 1961 கட்டுரையில் இருக்கும் முடிவு. குமிழி முற்றாக நிற்கவில்லை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஊர்கிறது என்று 2019-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்ப நிறுவனத்தில் தாவாடி என்ற இளநிலை மாணவரும் கொலின்ஸ்கியும் அளந்து காட்டினார்கள். வகுப்பறைக்கு அது நிற்பதேதான்.

இப்போது 200 மி.லி. நீரில் 1 மி.லி. பாத்திரம் கழுவும் திரவத்தை நுரை எழாமல் கலந்து அதே குழாயில் நிரப்புங்கள். இழுவிசை 30 அளவுக்கு வந்தால் எல்லை விட்டம் 3.2 மி.மீ. ஆகிவிடும். 4 மி.மீ. அதைத் தாண்டியது, குமிழி கிளம்பும். விறைப்பு இல்லாவிட்டால் நொடிக்கு இரண்டரை செ.மீ. வரை போகலாம், விறைப்பு இருந்தால் சில மி.மீ.-தான்.

கெடுவது எங்கே? பிளாஸ்டிக் உறிஞ்சு குழல் உதவாது. சுவர் நனையாமல் குமிழி வேறு காரணத்துக்காக ஒட்டிக்கொள்ளும். குழாயைச் சாய்த்தாலும் நீரிலேயே குமிழி நகரும், ஆகவே செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். முதலில் நீர், பிறகு சோப்பு என்ற வரிசையை மாற்றாதீர்கள். சோப்பு ஒருமுறை பட்ட குழாயைக் குறைந்தது பத்துத் தடவை அலசினால்தான் அடுத்த வகுப்புக்குக் குமிழி நிற்கும்.

கே: குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் வழியே சர்ஃபாக்டன்ட் மருந்து விடுகிறோம். மருந்து இழுவிசையைக் குறைக்கிறது என்று பயிற்சியில் சொன்னார்கள். சுருங்கி மூடிய நுண் காற்றுப்பாதை திறப்பதற்கும் அதற்கும் தொடர்பு என்ன? — செவிலியர், மதுரை

ப: நுரையீரலை ஊத வேண்டிய அழுத்தத்தில் பெரும்பங்கு திசுவுக்காக அல்ல, காற்றும் நீரும் சந்திக்கும் பரப்புக்காக என்று 1929-லேயே ஃபான் நீர்கார்ட் காட்டிவிட்டார்: திரவத்தால் நிரப்பினால் குறைந்த அழுத்தம் போதும், காற்றால் நிரப்பினால் கூடுதல் வேண்டும். குறைமாதக் குழந்தையின் மூச்சுத் திணறலுக்கு இந்தப் பரப்புப் பொருளின் பற்றாக்குறையே காரணம் என்று 1959-ல் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும் கண்டனர். மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த மருந்தை டெட்சுரோ ஃபுஜிவாரா குழந்தைகளுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டது 1980-ல்.

மூடிக்கிடக்கும் பாதைக்குள் காற்று ஒரு குமிழி முனையாக நுழைந்து, நீரை விலக்கிச் சுவர்களைப் பிரித்துக்கொண்டே போகிறது. மடிந்த மென்குழாயைத் திறக்கத் தேவையான அழுத்தம் ஏறத்தாழ 8 × இழுவிசை ÷ ஆரம் என்று கேவரும் கூட்டாளிகளும் 1990-ல் மாதிரிக் குழாய்களில் கண்டார்கள். ஆரம் கால் மி.மீ., இழுவிசை 50 என்றால் 16 செ.மீ. நீர் அழுத்தம், 25 என்றால் 8 செ.மீ. குறைமாதக் குழந்தையின் பாதை இன்னும் குறுகல் என்பதால் தேவை இன்னும் ஏறும்.

திறப்பது மட்டும் பிரச்சினை இல்லை. குமிழி முனை கடக்கும் கணத்தில் அதன் முன்னால் அழுத்தம் மிகக் குறுகிய தூரத்தில் செங்குத்தாக மாறுகிறது. ஒரே செல்லின் முன்பக்கம் ஓர் அழுத்தம், பின்பக்கம் வேறு அழுத்தம், செல் கிழியும். பிலெக், டீ, கேவர் மூவரும் 2003-ல் செல் வளர்த்த குறுகிய தடத்தில் குமிழியை ஓட்டிப் பார்த்தபோது, மெதுவாகப் போன குமிழிதான் அதிகம் காயப்படுத்தியது. மெதுவாகப் போனால் படலம் மெலிது, மாற்றம் செங்குத்து. நுரையீரல் சர்ஃபாக்டன்ட் கலந்தபோது காயம் வெகுவாகக் குறைந்தது. திரும்பத் திரும்ப மூடித் திறக்கும் பாதை ஒவ்வொரு மூச்சிலும் இந்த அடியை வாங்குகிறது. மூச்சு வெளியே போன பிறகும் சி-பேப்பில் (தொடர்ந்து காற்றழுத்தம் தரும் மூச்சு உதவி முறை) 5–8 செ.மீ. நீர் அழுத்தத்தை விடாமல் பிடித்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் கையில் இருக்கும் விஷயங்கள்: போராக்டன்ட் என்ற சர்ஃபாக்டன்ட் மருந்தின் முதல் டோஸ் கிலோவுக்கு 200 மி.கி., அதாவது 2.5 மி.லி.; பெராக்டன்ட் என்ற இன்னொரு மருந்து கிலோவுக்கு 100 மி.கி., அதாவது 4 மி.லி. இரண்டும் ஒரே மி.லி. கணக்கல்ல என்பதால் சிரிஞ்சில் எடுக்குமுன் குப்பியின் பெயரை இருவர் சேர்ந்து படிப்பது நல்ல வழக்கம். டோஸை முடிவு செய்வது மருத்துவர். குளிர்ச்சி போன பிறகு குப்பியை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்க வேண்டாம். நுரை கட்டினால் மருந்தின் ஒரு பங்கு குமிழிச் சுவர்களில் மாட்டிக்கொள்ளும். அந்த நுரையே குறுகிய பாதையில் தடையாகவும் நிற்கும்.

கே: பாலிசார்பேட் 80 என்ற சர்ஃபாக்டன்ட் கலந்த மருந்துக் கரைசலை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பின் குமிழிப் புள்ளிச் சோதனை தோற்கிறது. வடிகட்டி கிழிந்ததா? — தரக்கட்டுப்பாட்டு அலுவலர், ஓசூர்

ப: கிழிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நனைந்த துளையிலிருந்து திரவத்தைக் காற்று தள்ளி வெளியேற்றும் அழுத்தம் இழுவிசைக்கு நேர்விகிதம். நீரில் 3.45 பார் காட்ட வேண்டிய சவ்வில் இழுவிசை 42 உள்ள கரைசல் நின்றால் 2 பாரிலேயே குமிழி வரும். ஊசி மருந்துக்கான தூய நீரால் தாராளமாக அலசிவிட்டு மறுபடி சோதியுங்கள். பாலிசார்பேட் சவ்வில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தயாரிப்பாளர் சொன்ன அலசல் அளவு போதாமல் போகலாம். ஒவ்வொரு தடவையும் அலச முடியாதென்றால், புதிய வடிகட்டிகளை உங்கள் கரைசலாலேயே நனைத்து, நீர் அளவுக்கும் அதற்கும் உள்ள விகிதத்தை முன்கூட்டியே நிறுவி, அதை எல்லையாக வைக்கலாம். இரண்டு முறை அலசியும் எண் ஏறவில்லை என்றால் அப்போது சவ்வையும் அதன் உறையின் ஓ-ரிங்கையும் சந்தேகியுங்கள்.

கே: எண்டோஸ்கோப்பின் உள்தடத்தைக் கழுவிய பின் காற்று ஊதி உலர்த்துகிறோம். ஓங்கி ஊதினால் சீக்கிரம் காயுமா? — கருவி சுத்திகரிப்புப் பிரிவு, கோவை

ப: நீரை வெளியேற்றும் கட்டம் வேறு, படலத்தைக் காய வைக்கும் கட்டம் வேறு. முதல் கட்டத்தில் ஓங்கி ஊதினால் படலம் தடிமனாகத் தங்கும். காற்று நடுவில் வழி செய்துகொண்டு ஓடிவிடும். அளவான அழுத்தத்தில் நீரைத் தள்ளி எடுத்த பிறகு, தொடர்ந்து குறைந்தது 10 நிமிடமாவது வடிகட்டிய காற்றை ஓட விடுங்கள். காய வைப்பது அந்தத் தொடர் ஓட்டம்தான். கழுவு திரவத்தின் மிச்சம் இருந்தால் படலம் இன்னும் தடிக்கும், வளைவுகளில் நுரை அடைத்தும் நிற்கும். எனவே கடைசி அலசலைச் சுருக்காதீர்கள். அலசி வடியும் நீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துக் குலுக்குங்கள். நுரை சில நொடிகளுக்கு மேல் நின்றால் இன்னும் அலச வேண்டும். 70 சதவீத ஆல்கஹால் விடும் வழக்கம் உங்கள் கருவித் தயாரிப்பாளரின் குறிப்பில் இருந்தால், அதை அலசலுக்குப் பிறகும் காற்றுக்கு முன்னும் விடுங்கள். அலசாத குழாயில் ஆல்கஹாலை விட்டால் மிச்சமிருக்கும் புரதம் சுவரில் உறைந்து ஒட்டிக்கொள்ளும்.